இளைப்பு, வீசிங், பம்ப்: மருந்துக்கடையில் தினமும் கேட்கப்படும் ஆஸ்துமா கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். என் மகனுக்கு 4 வயதில் ஆஸ்துமா என்று சொன்னார்கள். இன்றைக்கு அவன் கல்லூரியில் கால்பந்து ஆடுகிறான். கார்த்திகை பிறந்து பனி விழ ஆரம்பித்துவிட்டால், கடைக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருவார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்தை எதற்குக் கொடுத்தார், எப்படி எடுப்பது என்பதை நான் சொல்கிறேன்.

"பையனுக்கு வீசிங்தான் இருக்கு, ஆஸ்துமா இல்லைங்க." இரண்டும் வேறா?

வீசிங் என்பது ஒரு சத்தம். ஆஸ்துமா என்பது அந்தச் சத்தத்தை அடிக்கடி வரவைக்கும் நோய். நம் வீடுகளில் ஆஸ்துமா என்ற சொல்லுக்குப் பயந்து வீசிங், இளைப்பு, சளி இழுப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். சில மருத்துவர்களும் பெற்றோர் மனம் கலங்கக் கூடாதென்று அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கரிசனத்தால் வரும் கெடுதல் பெரிது. 'வீசிங்' என்றால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம்.

நடப்பது இதுதான். நுரையீரலுக்குள் காற்று போகும் சிறு குழாய்களின் உள்சவ்வு ஆஸ்துமாக்காரர்களுக்கு எப்போதும் லேசாக வீங்கிச் சிவந்தே இருக்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று என்று ஏதாவது பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், வீக்கம் கூடும், கெட்டிச் சளி ஊறும். குறுகிய வழியில் காற்று வெளியே வரும்போது கீச்சென்று கேட்கிறது. 'நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துது' என்பார்கள் அம்மாக்கள். என் மகனுக்கும் விடியற்காலை 3 மணிக்கு அப்படித்தான் கேட்டது. தூளியில் தூங்கிய சின்னவளின் சத்தம் என்று நினைத்து, தப்பான பிள்ளையைத் தூக்கினேன்.

சத்தமே இல்லாமல் இரவு இருமல் மட்டும் வருகிறவர்களும் உண்டு. சிரித்தால், ஓடினால், விடியற்காலையில் இருமல் என்றால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமாதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதும் சோதனை இருக்கிறது. பலமாக ஊதச் சொல்வார்கள். பிறகு மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், பெரியவர்களுக்கு அது ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம். நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம், அதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. 5 வயதுக்குக் கீழே இந்தச் சோதனை கஷ்டம். குழந்தையின் கதையைக் கேட்டே மருத்துவர் முடிவு செய்வார்.

2 வாரத்துக்கு மேல் விடாத இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். பீடி, சிகரெட் பிடித்து 40 தாண்டியவர்களுக்கும், காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்த பாட்டிகளுக்கும் வருவது பெரும்பாலும் சிஓபிடி எனப்படும் வேறு நோய்.

நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு தினமும் மருந்து?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று, சுருங்கிய தசையை உடனே தளர்த்துவது. வாயில் வைத்து இழுக்கும் சால்பியூட்டமால் பம்ப் (இன்ஹேலர்) இந்த வகை. 5 நிமிடத்தில் மூச்சு விடும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடவே தொடாது. இன்னொன்று வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து. பூடசோனைடு, புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் எல்லாம் இந்த வகை. எடுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாள்கள், வாரங்கள் போகப் போகத்தான் இரவு இருமல் குறைவது தெரியும். உடனே தெரியாததால்தான் இதை நிறுத்திவிடுகிறார்கள். உடனே சுகம் கொடுக்கும் முதல் பம்பை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார்கள். தரை ஈரமாகவே இருக்கிறது, வழுக்கும்போது மட்டும் ஆள் பிடித்துக்கொள்கிறார் என்பது போன்ற வைத்தியம் அது.

எங்கள் கடைக்கு விசைத்தறிக்காரர் ஒருவர் வருவார். மாதம் பிறந்தால் ஒரு சால்பியூட்டமால் பம்ப். 'அது இருந்தாப் போதும்மா, வேற ஒண்ணும் வேணாம்' என்பார். 200 முறை அடிக்கும் இந்த பம்ப் வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டாலே கடுமையான அட்டாக் வரும் அபாயம் கூடுகிறது. 12 என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அவருக்கு ஆண்டுக்கு 12. ஒருநாள் பம்பைக் கொடுக்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, கால் மணி நேரம் பேசினேன். நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்து வீக்கத்துக்கான மருந்தை ஆரம்பித்தார். இப்போது அவருக்கு அந்த பம்ப் வருடத்துக்கு ஒன்று போதுமாக இருக்கிறது.

1993-இல் தொடங்கிய 'ஜினா' என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019-இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பூடசோனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் எழுதிக் கொடுக்கிற மருத்துவர்கள் இப்போது அதிகம். உங்களுடையது எந்த முறை என்று கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

கடந்த 4 வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இளைத்ததா? இரவில் ஒரு நாளாவது இளைப்பால் விழிப்பு வந்ததா? அவசர பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? படி ஏறுவது, விளையாடுவது குறைந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

பம்ப் பழகிவிட்டால் விட முடியாதாமே? அதில் ஸ்டீராய்டு வேறு இருக்கிறதாமே?

பம்புக்கு யாரும் அடிமையாவதில்லை. நோய் நீண்ட நாள் நோய், அதனால் மருந்தும் நீண்ட நாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து யாரும் 'பழகிடுச்சு' என்பதில்லை. கட்டுப்பாடு 3 மாதம் நன்றாக இருந்தால் மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பார்.

வீக்கத்தை வற்றவைக்கும் பம்பில் ஸ்டீராய்டு உண்டு, ஆனால் அளவைப் பாருங்கள். பம்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரையில் வருவது மில்லிகிராம் கணக்கு, அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகு. ஸ்டீராய்டு இல்லாத சால்பியூட்டமாலையே எடுத்துக்கொண்டால் ஒரு பம்ப் அடி 100 மைக்ரோகிராம், ஒரு மாத்திரை 4 மில்லிகிராம். ஒரே மாத்திரையில் 40 அடி மருந்து. கை நடுக்கமும் படபடப்பும் பின் வராமல் எப்படி இருக்கும்?

குழந்தைகளின் உயரம் பற்றிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தினசரி ஸ்டீராய்டு பம்ப் எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் வளர்ச்சி சராசரியாக அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம், பிறகு அந்த அளவுக்கு இருப்பதில்லை. இரவெல்லாம் தூங்காமல், சாப்பிடாமல், மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடும் பிள்ளையும் வளராது. நான் இரண்டையும் எடை போட்டுத்தான் என் மகனுக்குக் கொடுத்தேன்.

உண்மையில் பயப்பட வேண்டிய ஸ்டீராய்டு எது தெரியுமா? சீட்டு இல்லாமல் சில கடைகளில் பிரித்துக் கட்டிக் கொடுக்கும் 'செட் மாத்திரை'. அதில் கிடக்கும் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரம் பீட்டாமெத்தசோன். இரண்டே வேளையில் இளைப்பு நின்றுவிடும், கைராசிக் கடை என்று பெயரும் வரும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். எங்கள் தொழிலுக்குள்ளேயே நடக்கும் தப்பு இது, சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பெரிய அட்டாக்கில் மருத்துவர் அளவு பார்த்து 5, 7 நாளுக்கு எழுதும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு விஷயம். அது உயிரைக் காக்கும், அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பம்பைச் சரியாக அடிப்பது எப்படி?

வாங்குகிறவர்களை 'ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க' என்பேன். பாதிப் பேருக்கு மருந்து நாக்கில்தான் விழுகிறது. வாயைத் திறந்து தூரத்தில் வைத்து செண்ட் அடிப்பது போல அடிப்பார்கள், அல்லது அடித்த பிறகு மூக்கால் இழுப்பார்கள்.

பம்பை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு அடி, ஒரே ஒரு அடி. இழுத்துக்கொண்டே போய் நெஞ்சு நிறைந்ததும் 10 எண்ணும் வரை பிடித்து வையுங்கள். அடுத்த அடி வேண்டுமென்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடியுங்கள். ஸ்டீராய்டு பம்ப் என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

பம்பின் முனையில் மாட்டும் ஸ்பேசர் என்ற அந்த பிளாஸ்டிக் கூடு குழந்தைகளுக்கு மட்டுமானது இல்லை. பெரியவர்களுக்கும் மருந்து தொண்டையில் ஒட்டாமல் உள்ளே போக உதவும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவையுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவிக்கு முறை நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அதற்குள் ஊதக் கூடாது. ஒரு பாட்டிம்மா, '10 நாளா போடறேன் கண்ணு, ஒண்ணும் கேக்கல' என்று வந்தார். எப்படிப் போடுகிறீர்கள் என்றேன். தண்ணீர் பாட்டிலை வாங்கி, கேப்ஸ்யூலை வாயில் போட்டு விழுங்கிக் காட்டினார். 10 நாளும் அந்தக் கருவி பெட்டிக்குள் பிரிக்காமலே இருந்திருக்கிறது. அவருக்கு யாருமே செய்து காட்டவில்லை. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: மூடுபனி ஈரத்தில் அந்தப் பொடி கட்டிப்படும், போடும் நேரத்தில் மட்டும் கேப்ஸ்யூலை வெளியே எடுங்கள்.

வீட்டில் நெபுலைசர் வாங்கி வைத்துவிடலாமா?

மருந்தைப் பனித்துளி போலாக்கி மூச்சில் கொடுக்கும் அந்த மிஷின் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சாதாரண, நடுத்தர அட்டாக்கில் ஸ்பேசரோடு பம்ப் அடிப்பது நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்கிறது. கரண்ட் வேண்டாம், பையில் போகும். மிஷின் வீட்டில் இருந்தால் 'இன்னொரு தடவை வெச்சுப் பாக்கலாம்' என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

பார்க்கும் வேலையால் ஆஸ்துமா வருமா?

வரும். லீவு நாளில் மூச்சு லேசாகி, வேலைக்குப் போனதும் இறுகுகிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு தகவலை டாக்டரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. சேலத்தில் இதற்குக் காரணங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. வெள்ளிப் பட்டறையில் பற்றவைக்கும் புகையும் ஆசிட் ஆவியும், செவ்வாய்பேட்டை மண்டிகளில் மிளகாய், தானியத் தூசி, மலையில் பச்சைக் காபிக்கொட்டைத் தூசி. ஆமணக்கு மூட்டை கையாளுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆமணக்குக் கொட்டையின் தூசி மிகக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும், அந்தச் சாக்கில் வேறு சரக்கு போட்டால்கூட விடாது. பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பிசினோசிஸ் என்ற வேறு நோயாகவும் இருக்கலாம்.

வேலையை விடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், அவர்களுக்கு அது சோறு. இடத்தை மாற்றிக் கேட்பது, ஜன்னல் பக்கம் உட்காருவது, பெருக்குமுன் தண்ணீர் தெளிப்பது, நல்ல முகக்கவசம் போடுவது என்று எதில் தொடங்கினாலும் லாபம்தான்.

கொசுவத்தி, சாம்பிராணி?

மூடிய அறையில் இரண்டும் வேண்டாம். ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்கு மாறுங்கள். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம்தான், மூச்சு விட முடியாத பிள்ளைக்கு அது ஆகாது.

ஏற்காட்டில் போய்த் தங்கினால் சரியாகிவிடுமா?

சேர்வராயன் மலைக் காற்று சுத்தம் என்பதால் இந்த நம்பிக்கை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில் ஆஸ்துமாக்காரர்களை மலையில் தங்கவைத்து வைத்தியம் பார்த்த வரலாறு உண்டு. அந்த ஊர் சுமார் 1,560 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். கேட்டால் ஒரே மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் அங்கே பலன் தந்தது உயரத்தைவிட வறட்சி. காற்றில் ஈரம் குறைந்தால் படுக்கைத் தூசியில் வாழும் உண்ணிகள் பிழைப்பதில்லை. நம் ஏற்காட்டில் மூடுபனியும் மழையும். கம்பளி காய்வதில்லை, சுவரில் பூஞ்சை பூக்கிறது. உண்ணிக்கும் பூஞ்சைக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சிலருக்கு ஊர்ப் புகையை விட்டு ஏறியதும் லேசாக இருக்கும், சிலருக்கு முதல் இரவே இழுக்கும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. பம்பையும் ஸ்பேசரையும் டிக்கியில் போடாமல் கையில் வையுங்கள். விடுதி அறையில் பூஞ்சை வாடை அடித்தால் மாற்றிக் கேளுங்கள். இரவில் விறகு மூட்டி உட்காரும்போது காற்று உங்கள் பக்கம் அடித்தால் எழுந்துவிடுங்கள். குளிர்காற்றில் நடக்கும்போது மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

காபி குடித்தால் இளைப்பு விடுகிறதே?

கொஞ்சம் விடும், உண்மைதான். 1859-இலேயே ஹென்றி ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர் கடுங்காபியை இளைப்புக்கு மருந்தாக எழுதியிருக்கிறார். நம் ஊரில் இளைப்புக்கு டெரிபிலின் என்று போடுகிறார்களே, அதில் உள்ள தியோஃபிலினுக்கு காபியின் காஃபீன் உறவுமுறை. ஆனால் பலம் குறைவு, அட்டாக்கில் காபியை நம்பி உட்காரக் கூடாது. ஊதும் சோதனைக்குப் போகிற நாளில் குறைந்தது 4 மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள், முடிவையே மாற்றிவிடும்.

தூதுவளை, ஆடாதோடை, மீன் மருந்து?

தூதுவளை ரசம் தாராளமாக வையுங்கள், தொண்டைக்கு இதம். ஆடாதோடையில் விஷயம் இருக்கிறது: அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. ஆனால் சளி இளகுவது வேறு, குழாய் வீக்கம் வற்றுவது வேறு. இவற்றைச் சாப்பிடுகிறோம் என்று பம்பை நிறுத்தாதீர்கள், அதுதான் என் ஒரே நிபந்தனை. ஜூன் மாதம் ஹைதராபாத்தில் உயிர் மீனை விழுங்கவைக்கும் மருந்துக்கு ரயிலேறுகிறவர்கள் உண்டு. அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் இழுக்கிறது என்று நீங்களே பார்த்திருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

வேறு மாத்திரைகளில் கவனிக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்குக் கடும் இளைப்பைக் கிளப்பும். சாதாரணக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். படபடப்புக்குப் போடும் பிரப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் ஆபத்து. கண்ணில் விடும் சொட்டுதானே என்று கண் டாக்டரிடம் யாரும் ஆஸ்துமாவைச் சொல்வதில்லை. சொல்லுங்கள்.

பெண்ணுக்கு ஆஸ்துமா. கல்யாணம், குழந்தை?

தொற்றாது. குடும்ப வழியில் வரும் வாய்ப்பு கூடும், ஆனால் கட்டாயம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று பம்பை ஒளித்து, குளியலறையில் போய் அடிக்கிற பெண்களை எனக்குத் தெரியும். தாலி கட்டும் நாளில் ஓமப் புகைக்கு நடுவில் அவள் கையில் பம்ப் இல்லாமல் இருப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பமானால் பம்பை நிறுத்தக் கூடாது. அம்மாவுக்கு மூச்சு குறைந்தால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும், அந்த ஆபத்துதான் பெரிது.

அட்டாக் வந்துவிட்டால் என்ன செய்வது?

படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரட்டும். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசரில் ஒரு அடி, 4 முதல் 6 மூச்சு. மறுபடி ஒரு அடி. இப்படி 4 அடி. 20 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி 4 அடி கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மருத்துவர் ஃபார்மோட்டெரால் கலந்த பம்பையே அவசரத்துக்கும் எழுதியிருந்தால் அவர் சொன்ன அளவில் அதை எடுங்கள்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, பிள்ளை சோர்ந்து மயங்குகிறது என்றால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சத்தம் நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஆள் திணறிக்கொண்டிருக்கும்போது வீசிங் சத்தம் அடங்கினால், சத்தம் போடும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியில் 96 காட்டினாலும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

பம்ப் தீர்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

எண் காட்டும் பம்ப் என்றால் பிரச்சினை இல்லை. மற்றதில் குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிடுவதும் பலிக்காது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சம் இருக்கும், 'புஸ்' என்று சத்தமும் வரும்.

மகனுக்கு 9 வயதில் ஏற்காட்டுக்குப் போனோம். பாதி வளைவு தாண்டியிருப்போம், பஸ்ஸில் இழுக்க ஆரம்பித்தது. பம்பை அடிக்கிறேன், புஸ் என்கிறது, அவன் தோள் ஏறி இறங்குவது மட்டும் குறையவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் நான் தீர்ந்த பம்பை எடுத்து வந்திருந்தேன். எதிரே வந்த காரை நிறுத்தி, அதில் ஏறி மலையிறங்கினோம், சேலம் வந்து சேரும்வரை அவன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு சுலபம். 200 அடி பம்பை ஒரு நாளைக்கு 4 அடி எடுத்தால் 50 நாள். இப்போது நான் விற்கும் தினசரி பம்ப் ஒவ்வொன்றிலும், எத்தனை அடி எழுதியிருக்கிறது என்று சீட்டில் பார்த்து, தீரும் தேதியைக் கறுப்பு மார்க்கரில் எழுதித்தான் கையில் கொடுக்கிறேன்.